பிலிம் இல்லாத படம்

ஸ்கேன் பிரிவில் புதிதாகச் சேர்ந்த அட்டெண்டர்களுக்கு ஒரு நாள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது. முப்பது வருடம் அந்த வேலையில் நிலைத்ததற்குக் காரணமே, அங்கே வருகிறவர்கள் படுத்துக்கொண்டு மேற்கூரையைப் பார்ப்பார்கள் என்பதுதான். அதனால் பேச வேண்டியதை எழுதிக் கொடுக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே, அல்ட்ரா சவுண்டு, மேமோகிராம், சிடி, எம்ஆர்ஐ என்று வரிசையாக எழுதி, பக்கத்திலேயே படமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டு ஜனங்கள் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள். "ஏனுங்க, இதுல எது நல்லதுங்க?" என்பார்கள். கடையில் துணி எடுக்கிற மாதிரி. அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எக்ஸ்ரே என்றால் நிழல் பிடிப்பது, எலும்பின் நிழல் நன்றாக விழும். அல்ட்ரா சவுண்டு என்றால் சத்தத்தை உள்ளே அனுப்பித் திரும்பி வருவதைப் பார்ப்பது, அதற்கு ஒன்றும் வலிக்காது, ஆனால் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். சிடியும் எக்ஸ்ரேதான், ஆனால் ரொட்டியைத் துண்டு துண்டாக அரிந்து பார்ப்பது போல உடம்பைப் பார்க்கும். எம்ஆர்ஐ காந்தம். நரம்பையும் தண்டுவடத்தையும் அது போல வேறு எதுவும் காட்டாது. இவ்வளவு சொன்னால் போதும். எது நல்லது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

என் ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது, தண்ணீர் இல்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாகத் தேவிகுளத்துக்குக் கிட்டே ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு ஆள் வேண்டும் என்று போனேன். அங்கே எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. டெவலப்பர் எது, ஃபிக்ஸர் எது என்று வாசனையை வைத்துப் பழகினேன். சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் பிலிமைக் கிளிப்பில் மாட்டி, முதல் தொட்டியில் முக்கி, மனசுக்குள் எண்ணி, தண்ணீரில் அலசி, இரண்டாவது தொட்டியில் போட்டு, வெளியே கொண்டுவந்து கம்பியில் தொங்கவிடுவேன். ஈரம் சொட்டச் சொட்ட டாக்டர் வந்து பார்ப்பார். மழைக்காலத்தில் மறுநாள்கூடக் காயாது. ஒரு ஆளுக்கு ஒரு பிலிம். அது தொலைந்தால் அந்த ஆளின் எலும்பை உலகத்தில் யாரும் பார்த்ததாக ஆகாது.

பதினோரு வருடம் கழித்து, மலையாளப் பக்கத்துச் சமவெளியில் எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எம்ஆர்ஐ வந்தது. மலையிலிருந்து பஸ் ஏறி உடுமலை, பொள்ளாச்சி வழியாக வருகிற தோட்டத்து ஜனங்களுக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. மெஷின் ஓட்டுகிறவர்களுக்கோ மலையாளம். அதனால் என்னைக் கீழே கொண்டுவந்தார்கள்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் குரியன் சார். சீனியர் டெக்னீஷியன். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் தன் சட்டைப் பையில் இருப்பதை எல்லாம், பேனா மூடி வரைக்கும், ஒரு வெள்ளை எனாமல் தட்டில் கொட்டுவார். பிறகு தட்டை எங்கள் பக்கம் நீட்டுவார். பேசமாட்டார். நாங்களும் கொட்ட வேண்டும். டாக்டர் வந்தாலும் அதே தட்டுதான். ஒருமுறை ஆஸ்பத்திரி முதலாளியே வந்தபோது, அவரிடமும் தட்டை நீட்டிவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி சிரித்துக்கொண்டே சாவியைப் போட்டார். கரண்டு போனாலும், மெஷினில் யாரும் இல்லாவிட்டாலும் காந்தம் தூங்காது என்பதை அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதம் அது.

தாலி விஷயத்தில்கூட அவருக்கு ஒரு வழி இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலியைக் கழற்ற மாட்டார்கள். சண்டை போடுவார்கள், அழுவார்கள், ஸ்கேனே வேண்டாம் என்று எழுந்து போவார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, "மயில்சாமி, நிங்கள் ஊர்ல இதுக்கு எந்தா வழி?" என்று கேட்டார். மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டி முதலில் கழுத்தில் போட்டுக்கொண்டால், பிறகு தாலியைக் கழற்றலாம் என்றேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரி கட்டிக் கொடுக்கிற மஞ்சள் கயிறு ஒரு கட்டு எங்கள் மேசை டிராயரில் இருக்கும். மாட்டு வியாபாரி ஒருவரின் மனைவி, கயிற்றை மாற்றிக்கொண்டே என்னிடம், "சந்தையில மாட்டுக்குக் கவுறு மாத்தற மாதிரியே மாத்தறீங்களே. திருப்பிக் கட்டறதுக்குள்ள வேற ஆருக்காச்சும் புடிச்சுக் குடுத்தராதீங்க" என்றார். வெளியே நின்ற வியாபாரி, "வாங்கறதுக்கு ஆளு வேணுமல்லோ" என்றார். குரியன் சாருக்கு அதை மலையாளத்தில் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அவருடைய முக்கியமான சட்டம், மூன்று தடவை கேட்பது. உடம்பில் இரும்பு ஏதாவது உண்டா, ஆபரேஷனில் வைத்த தகடு உண்டா, கண்ணில் எப்போதாவது தூள் பட்டதுண்டா, குண்டு பட்டதுண்டா. இதை வாசலில் ஒரு தடவை கேட்க வேண்டும். உடுப்பு மாற்றும் இடத்தில் ஒரு தடவை. பிறகு, காந்த அறையின் கதவுக்கு வெளியே, இரும்பில்லாத ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்த பிறகு ஒரு தடவை. "நிக்கும்போ நொண பறயுந்நவன், கெடக்கும்போ பறயில்லா" என்பார். நின்றுகொண்டு பொய் சொல்கிறவன் படுத்துக்கொண்டு சொல்லமாட்டான் என்று அர்த்தம். எத்தனையோ பேர் விஷயத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

நான் சொல்ல வந்தது ஞானமுத்துவின் கதை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில், தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒருவரைக் கழுத்து எம்ஆர்ஐக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு கையும் மரத்துப்போகிறது, கத்தி பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று சீட்டில் இருந்தது. கூடவே எஸ்டேட் பீல்டு ஆபீசர் வந்திருந்தார். சிகிச்சைக்கான காகிதத்தில் எஸ்டேட் சார்பாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். வாசலில் நான் கேள்விகளை வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஞானமுத்து தலையை ஆட்டி இல்லை என்றார். குண்டு பட்டதுண்டா என்று நான் கேட்டபோது பீல்டு ஆபீசர் முந்திக்கொண்டார்.

"இவன் ஒடம்புல சதையே கெடையாது. இதுல இரும்புக்கு எங்க எடம்?"

ஞானமுத்துவும் சிரித்தார். "இல்லண்ணே" என்றார். நான் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

உடுப்பு மாற்றும் இடத்தில் அவரால் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. நான் கழற்றிவிட்டேன். வலது தோளில், தோலுக்கடியில் அரிசியை வைத்து மூடியது போல வடுக்கள். அப்போதுதான் அவர் யாரென்று எனக்குத் தெரிந்தது.

மலையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை கொட்டிய ஒரு காலையில் ஒரு இளைஞனைப் போர்வையில் சுற்றி இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். காட்டுப் பன்றிக்குப் போன இடத்தில், கூடப் போனவனின் நாட்டுத் துப்பாக்கி வெடித்து இவன் மேல் பட்டுவிட்டது. ஈயத்துக்குப் பதில் சைக்கிள் சக்கரத்து இரும்பு பால்ஸ் போட்டு அடிக்கிற துப்பாக்கி. சுட்டது அவன் மனைவியின் அண்ணன். அதே வாரம் அந்தக் காட்டில் ஒரு காட்டெருமையை யாரோ சுட்டிருந்தார்கள். பாரஸ்ட்காரர்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் லயமாக ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டர் எடுக்க முடிந்ததை எடுத்தார். நான் கழுவிக் கொண்டுவந்த பிலிமில் மிச்சம் ஐந்து வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. தோளில் நாலு. வலது கண்ணின் ஓரத்தில், கண்குழிக்குள், ஒன்று. அதைத் தொட்டால் கண் போய்விடும் என்று டாக்டர் விட்டுவிட்டார். நோட்டில் வேலிக் கம்பியில் விழுந்தது என்று எழுதச் சொன்னார். அந்த ஈர பிலிமைச் செய்தித்தாளில் சுற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

இப்போது அந்த ஆள் என் முன்னால் ஆஸ்பத்திரி கவுனோடு நிற்கிறார். இரண்டாவது தடவை கேட்க வேண்டிய இடம் அது. திரைக்கு அந்தப் பக்கம் பீல்டு ஆபீசர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

காந்த அறைக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன். அங்கே நாங்கள் இருவர் மட்டும்.

"ஞானமுத்து, கடைசியாக் கேக்கறனுங்க. ஒடம்புல இரும்பு இருக்குதுங்களா?"

அவர் மேற்கூரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஏண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. அதனாலதான் கேக்கறன்."

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கீங்க? வெளிய நிக்கானே, அவன் காதுல விழுந்துச்சுன்னா லயத்தக் காலி பண்ணச் சொல்லிருவான். எம்மேல அவனுக்கு எப்பவும் ஒரு கண்ணு. இன்னும் ஆறு வருசம் சர்வீசு இருக்குண்ணே. மகளுக்கு இன்னும் கல்யாணம் முடியல. சும்மா உள்ள தள்ளுங்க. வலிச்சா பொறுத்துக்கிடுதேன்."

"வலி இல்லீங்க. அந்தக் காந்தம் உள்ள இருக்கற குண்டப் புடிச்சு இழுக்கும். கண்ணு போயிரும்."

"ஒரு கண்ணுதானண்ணே. கை ரெண்டும் போய்க்கிட்டிருக்கு."

ஒலிபெருக்கியில் குரியன் சாரின் குரல் வந்தது. "மயில்சாமி, எந்தா தாமசம்?"

அந்த அரை நிமிடத்தை நான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரை உள்ளே தள்ள என்னால் முடியாது. அவருடைய ரகசியத்தை வெளியே சொல்லவும் முடியாது. நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சாரிடம் போய், "இந்த ஆளு முன்னாடி லேத்துப் பட்டறையில இருந்திருக்காருங்க சார். கண்ணுல தூளு பட்டிருக்குமோன்னு சந்தேகமா இருக்குதுங்க" என்றேன்.

சார் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி. எக்ஸ்ரே எடுத்திட்டு வா. தலையும் நெஞ்சும்." சந்தேகம் உள்ளவர்கள் எல்லோருக்கும் அவர் அப்படித்தான் எடுப்பார்.

எக்ஸ்ரேயில் கண்ணோரத்துப் புள்ளி தெரியும், படத்தை சாரிடம் மட்டும் காட்டலாம், எம்ஆர்ஐ வேண்டாம் என்று அவர் எழுதிவிடுவார், பட்டறையில் பட்ட இரும்பு என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள் என்பது என் கணக்கு. மலையில் அந்தப் பெரிய டாக்டர் செய்ததைத்தான் நானும் செய்வதாக நினைத்தேன். எங்கள் எக்ஸ்ரே அறையில் பிலிம் போய் அதற்குள் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தொட்டிகளை வெளியே தூக்கிப் போட்டவனே நான்தான். ஆனால் பிலிம் இல்லை என்பது எனக்குத் தெரிந்ததே தவிர, படம் எங்கே போகிறது என்பது தெரியாது. கம்ப்யூட்டரை நான் துடைத்திருக்கிறேன், தொட்டு இயக்கியதில்லை. எடுத்த அறையிலும் சாரின் மேசையிலும் தெரியும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

நான் ஞானமுத்துவை ஸ்ட்ரெச்சரில் திரும்பத் தள்ளிக்கொண்டு வருவதற்குள், மாடியில் படம் படிக்கிற டாக்டர் அதைப் படித்துவிட்டார். தோளிலும் கண்குழியிலும் உருண்டையான உலோகம், பழைய துப்பாக்கிக் காயம் போலிருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார். அது அவரை அனுப்பிய டாக்டருக்கும், கேஷுவாலிட்டிக்கும், எஸ்டேட் இன்சூரன்ஸ் பார்க்கிற கவுன்டருக்கும் ஒரே நேரத்தில் போனது. கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர், துப்பாக்கிக் காயம் என்றால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டப்படி ஒரு காகிதம் அனுப்பினார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. எழுத வேண்டியதைத்தான் எழுதினார்.

குரியன் சார் தன் மேசையில் படத்தைத் திறந்தார். அந்த ஐந்து புள்ளிகளையும் நான் இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். ஒன்றுகூட இடம் மாறவில்லை. சார் அவற்றை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இது லேத்துப் பட்டறையா?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நினக்கு முன்னே தெரியுமோ?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

அவர் திட்டவில்லை. மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் சொன்னார். "என்கிட்ட மட்டும் உள்ளத சொல்லியிருந்தா, இந்த ஆளுக்கு எம்ஆர்ஐ முடியாது, குழலுக்குள்ள போக பயம்னு எழுதி நேரா கழுத்து சிடிக்கு விட்டிருப்பேன். கழுத்து சிடியில கழுத்து மாத்ரம் வரும். கண்ணு வராது. தோளு வராது."

அந்த அறையில் பத்து வருடத்துக்கு மேல் அவரோடு நின்றவன் நான். கழுத்து சிடியில் எதுவரை வரும் என்று எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் என் வாயாலேயே சொல்லியிருப்பேன். அவரிடம் போய் உண்மையைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. பொய் சொல்வது சுலபமாக இருந்தது, ஏனென்றால் அதைச் சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடலாம்.

அன்று மத்தியானமே சிடி எடுத்தார்கள். கழுத்து எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் கை இன்னும் மோசமாகாமல் நிற்கும் என்று சர்ஜன் சொல்லித் தேதியும் கொடுத்தார். அந்தத் தேதியில் ஞானமுத்து வரவில்லை. மலையில் பாரஸ்டும் போலீசும் அவரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுட்டது யார் என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. சுட்ட மைத்துனர் இப்போது அவர்களுடைய சர்ச் சபையில் எல்லோரும் மதிக்கிற பெரியவர். காட்டெருமை வழக்கை ஞானமுத்து பெயரில் எழுதினார்கள். எஸ்டேட்டில் வழக்கு முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள், பிறகு லயத்தையும் ஒழித்துக் கொடுக்கச் சொன்னார்கள். இதெல்லாம் ஸ்கேனுக்கு வருகிற தோட்டத்து ஆட்கள் வாயிலிருந்து துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது. நான் கேட்கிற வழக்கம் இல்லாதவன் என்பதால் அவர்களாகச் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த நாள் வரை, மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது எனக்குக் குரல் நடுங்கும். நோயாளிகள் பயந்துபோய், "என்னங்க, ஆபத்துங்களா?" என்று கேட்பார்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று தடவையும் கேளுங்கள். முதல் தடவையை, கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நோயாளி பதில் சொன்ன பிறகு அந்தப் பதில் எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். எனக்கு இதைவிட அதிகமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன தை மாதம் ஒரு நாள் பஸ் ஏறி மலைக்குப் போனேன். கோர்ட்டுக்குப் போக வர வசதி என்று தேவிகுளத்தில் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் ஞானமுத்து குடியிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய மனைவி எஸ்தர் கதவைத் திறந்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை. நானும் யாரென்று சரியாகச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஞானமுத்து சன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் கிடந்தன. விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. எஸ்தர் டீயை ஆற்றி அவர் வாயருகே பிடித்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "வாங்கண்ணே. பஸ்ஸு கெடச்சுச்சா?" என்றார். நேற்றுப் பிரிந்தவரிடம் கேட்பது போல.

வழியெல்லாம் நான் வேறு எதையெதையோ பேச யோசித்து வைத்திருந்தேன். கடைசியில், "கண்ணு எப்படி இருக்குதுங்க?" என்றுதான் கேட்டேன்.

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையை இப்படி வைத்துக்கொண்டிருக்கிறவரிடம் கண்ணைப் பற்றி ஏன் கேட்கிறான் என்று நினைத்திருப்பார்.

"கண்ணுக்கு என்னண்ணே, நல்லாத் தெரியுது" என்றார் ஞானமுத்து. "வாங்க, இங்க வந்து பாருங்க." நான் எழுந்து சன்னலுக்குப் போனேன். அவர் கையைத் தூக்க முடியாமல் தாடையால் காட்டினார். "அந்தா, எதுத்த மலை. ரோட்டுக்கு மேல ஒரு லயம் தெரியுதா? இந்தப் பக்கத்துலருந்து நாலாவது கதவு. அதுதான் நாங்க இருந்தது. இப்ப வந்தவன் பச்சப் பெயிண்டு அடிச்சிருக்கான். வாசல்ல ஒரு துணி காயுது பாருங்க, செவப்பு."

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தேயிலைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கதவும் தெரியவில்லை, துணியும் தெரியவில்லை.

"தெரியுதுங்க" என்றேன்.